தண்ணீர் நின்ற கோடு: ஒரு புவியியல் துறையிடம் நாம் கற்க வேண்டியது

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில், பி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாதவர்களும் படித்துவிட்டு வாக்களிக்க வசதியாக இங்கே தருகிறோம்.)



"டீச்சர், பேனல் போர்டை பேஸ்மென்ட்டிலிருந்து மேலே கொண்டுவருவது பற்றி ஓட்டெடுப்பு வைக்கிறோம். அதற்கு முன்னால் வெள்ளத்தைப் பற்றி இருபது நிமிஷம் பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டார். முப்பது வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் புவியியல் நடத்தியவள் நான். இருபது நிமிஷம் என்பது எனக்கு அரை பீரியட். அதற்குள் முடிக்கப் பார்க்கிறேன்.

புவியியல் என்றாலே தலைநகரங்களையும் ஆறுகளின் பெயர்களையும் மனப்பாடம் செய்வது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பத்தாம் வகுப்போடு அதை விட்டுவிட்டவர்கள் அப்படி நினைப்பதில் தப்பில்லை. ஆனால் இன்றைக்குப் பல்கலைக்கழகங்களில் இருக்கும் புவியியல் துறைகள் செய்யும் வேலையே வேறு. அதில் ஒரு துறையைப் பற்றித்தான் இன்று சொல்லப் போகிறேன். இங்கிலாந்தின் மேற்குப் பக்கத்தில் இருக்கும் பிரிஸ்டல் நகரத்துப் பல்கலைக்கழகத்தின் புவியியல் துறை. அங்கே பேராசிரியர் பால் பேட்ஸும் அவருடைய குழுவினரும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே கேள்வியைத் துரத்திக்கொண்டிருக்கிறார்கள். வெள்ளம் வந்தால் தண்ணீர் எங்கே நிற்கும், எவ்வளவு உயரம் நிற்கும்?

நம் பேஸ்மென்ட்டின் கேள்வியும் அதுதான். அதனால்தான் அவ்வளவு தூரம் போகிறேன். சீக்கிரமே நம் கேட்டுக்குத் திரும்பி வந்துவிடுவேன்.

கட்டம் போட்ட நிலம்

ஒரு கணக்கு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கம் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். நிலத்தை அப்படிக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் அதன் உயரத்தை எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு கட்டத்தில் தண்ணீர் ஏறினால், பக்கத்தில் எந்தக் கட்டத்தில் நீர்மட்டம் தாழ்வாக இருக்கிறதோ அங்கே அது வழியும். எவ்வளவு வழியும் என்பதைக் கணக்குப் போட்டு, அடுத்த கட்டம், அதற்கடுத்த கட்டம் என்று கம்ப்யூட்டர் போய்க்கொண்டே இருக்கும். வெள்ள மாடல் என்று சொல்வதன் அடிப்படை இவ்வளவுதான்.

பால் பேட்ஸும், ஐரோப்பிய ஆணையத்தின் ஆய்வு மையத்தில் இருந்த ஆட் டி ரூவும் 2000-ஆம் ஆண்டில் இப்படி ஓர் எளிய மாடலை வெளியிட்டார்கள். அதன் பெயர் லிஸ்ஃபிளட்-எஃப்பி. நெதர்லாந்தில் மியூஸ் ஆற்றின் 35 கிலோமீட்டர் நீளத்தில், 1995 ஜனவரியில் வந்த வெள்ளத்தை அதில் மறுபடி ஓடவிட்டுப் பார்த்தார்கள். பிறகு அந்த வெள்ளத்தின்போது விமானத்திலிருந்தும் செயற்கைக்கோளிலிருந்தும் எடுத்த படங்களோடு ஒப்பிட்டார்கள். வெள்ளம் பரவிய பரப்பு சுமார் 82 சதவீதம் பொருந்தியது.

இதில் ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். அந்தப் படங்கள் இல்லாமல் போயிருந்தால், மாடல் சரியா தப்பா என்று சொல்ல யாராலும் முடிந்திருக்காது. தண்ணீர் உண்மையில் எதுவரை நின்றது என்று யாரோ பதிவு செய்து வைத்திருந்ததால்தான் அந்த 82 என்ற எண்ணே வந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் நான் திரும்பி வரப்போவது இங்கேதான்.

அந்த முதல் மாடலில் ஒரு சிக்கல் இருந்தது. கட்டத்தைச் சின்னதாக்கினால் தெருவும் சந்தும் தனித்தனியாகத் தெரியும். ஆனால் கட்டம் சின்னதாகும்போது ஒவ்வொரு கணக்குக்கும் இடையிலான நேரத்தையும் மிகச் சின்னதாக்க வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் ஒரே அடியில் பக்கத்துக் கட்டத்துக்கு அளவுக்கு மீறித் தண்ணீர் போகும், அடுத்த அடியில் அத்தனையும் திரும்பி வரும். தட்டில் பாயசத்தை வைத்துக்கொண்டு நடக்கிற குழந்தை மாதிரி தண்ணீர் இப்படியும் அப்படியும் தளும்பிக்கொண்டே இருக்கும். கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் கணக்கு வேலை பதினாறு மடங்கு ஆனது.

ஓடுகிற தண்ணீருக்கு ஒரு வேகம் உண்டு; அது சட்டென்று நிற்காது, சட்டென்று திரும்பாது. அந்த வேகத்தையும் எளிமையான முறையில் கணக்கில் சேர்த்து 2010-இல் பேட்ஸும் அவருடைய சகாக்களும் ஒரு புதிய சமன்பாட்டை வெளியிட்டார்கள். தளும்பல் நின்றது. கணக்கு பல மடங்கு வேகமானது. ஒரு ஆற்றுத் துண்டுக்கு மட்டும் போட முடிந்த கணக்கை நாடுகளுக்கும், பிறகு உலகம் முழுவதற்கும் போடலாம் என்ற நிலை அதிலிருந்துதான் வந்தது. இந்த வேலைக்காக பேட்ஸுக்கு 2019-இல் பிரிட்டிஷ் அரசின் சிபிஇ விருது கிடைத்தது. 2021-இல் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

மரத்தின் உச்சி நிலமாகுமா?

கணக்கு வேகமானால் மட்டும் போதாது. ஒவ்வொரு கட்டத்திலும் எழுதியிருக்கும் உயரம் சரியாக இருக்க வேண்டும். இங்கேதான் அடுத்த சிக்கல்.

உலகம் முழுவதற்குமான உயர வரைபடங்கள் விண்வெளியிலிருந்து ரேடார் மூலம் எடுக்கப்படுபவை. ரேடார் மேலேயிருந்து பார்க்கிறது. அதற்கு மாமரத்தின் உச்சியும் மொட்டை மாடியும்தான் பெரும்பாலும் கண்ணில் படும். கீழே இருக்கிற மண் தெரியாது. ஆற்றங்கரையில் அடர்த்தியாக மரங்கள் இருந்தால், வரைபடம் அங்கே ஒரு மதில் சுவர் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். கம்ப்யூட்டரும் அதை நம்பி, தண்ணீர் கரையைத் தாண்டவே தாண்டாது என்று சொல்லிவிடும். நெருக்கமாக வீடுகள் இருக்கும் பகுதி ஒரு மேடு மாதிரி தெரியும். உண்மையில் அது பள்ளமாக இருக்கலாம்.

பிரிஸ்டல் துறையைச் சேர்ந்த லாரன்ஸ் ஹாக்கரும் குழுவினரும் 2022-இல் இதற்கு ஒரு தீர்வை வெளியிட்டார்கள். 30 மீட்டர் கட்டங்கள் கொண்ட ஓர் உலக உயர வரைபடத்தை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து மரங்களின் உயரத்தையும் கட்டடங்களின் உயரத்தையும் கணித்துக் கழித்தார்கள். விமானத்திலிருந்து லேசர் மூலம் துல்லியமாக அளந்த தரவு பன்னிரண்டு நாடுகளிலிருந்து கிடைத்தது. அதை வைத்துக் கம்ப்யூட்டருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். இந்த வரைபடத்துக்கு ஃபேப்டெம் என்று பெயர். காட்டுப் பகுதிகளில் சராசரிப் பிழை 5.15 மீட்டரிலிருந்து 2.88 மீட்டராகக் குறைந்தது. கட்டடப் பகுதிகளில் 1.61 மீட்டரிலிருந்து 1.12 மீட்டரானது.

வணிக நோக்கமில்லாமல் பயன்படுத்துகிறவர்கள் அதை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். நம் ஊரும் அதில் இருக்கிறது. என் பேரனிடம் சொல்லி, அவனுடைய லேப்டாப்பில் அதைத் திறந்து பார்த்தேன். நம் பின் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து நம் வளாகம் வழியாகத் தெரு வரைக்கும் ஒரு தாழ்வான பட்டை போகிறது. ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நம் தெருவின் பெயரிலேயே ஏரிக்கரை இருக்கிறது. பெயர் வைத்தவர்களுக்கு ஃபேப்டெம் தேவைப்படவில்லை.

ஆனால் இந்த இடத்தில் உங்களை ஏமாற்ற நான் விரும்பவில்லை. நம் வளாகம் ஒன்றரை ஏக்கர். 30 மீட்டர் கட்டத்தில் அது ஏழு கட்டங்களுக்குள் அடங்கிவிடும். ஏ பிளாக்கும், அதன் முன்னால் இருக்கும் டிரைவ்வேயும், பிள்ளைகள் விளையாடும் இடமும் சேர்ந்து ஒரே கட்டம், ஒரே உயரம். பிழையோ சராசரியாக 1.12 மீட்டர், அதாவது மூன்றரை அடிக்கும் மேலே. நம் பேஸ்மென்ட் ராம்ப்பின் வாயில் இருக்கும் மேடு ஒன்றரை அடி. தண்ணீர் அதைத் தாண்டுமா தாண்டாதா என்று கேட்டால் அந்த வரைபடத்தால் பதில் சொல்ல முடியாது. நாம் பள்ளத்தில் இருக்கிறோம், தண்ணீர் இந்தப் பக்கமிருந்து வரும் என்பதுவரை அது சொல்லும். மீதியை நாம்தான் அளக்க வேண்டும்.

நூறு வருஷ வெள்ளம் என்றால் என்ன?

2015-க்குப் பிறகு நம் வளாகத்தில் அடிக்கடி கேட்ட ஒரு வாக்கியம் இது. "நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற வெள்ளம். வந்துவிட்டுப் போய்விட்டது. இனி நம் காலத்தில் வராது." 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அந்த வாக்கியம் தண்ணீரோடு போனது.

நூறு வருஷ வெள்ளம் என்பது காலண்டர் கணக்கு இல்லை. ஒவ்வொரு வருஷமும் அது வருவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு உண்டு என்று அர்த்தம். தாயக்கட்டை மாதிரி. போன முறை தாயம் விழுந்துவிட்டது என்பதற்காக இந்த முறை அது விழாமல் இருக்காது. உங்களில் பலர் இருபது வருஷத் தவணையில் வீட்டுக் கடன் வாங்கியிருக்கிறீர்கள். அந்த இருபது வருஷத்தில் அப்படி ஒரு வெள்ளம் ஒரு முறையாவது வருவதற்கு நூற்றில் 18 வாய்ப்பு. முப்பது வருஷம் என்றால் நூற்றில் 26. கிட்டத்தட்ட நாலில் ஒன்று.

பிரிஸ்டலில் ஆய்வு மாணவராக இருந்த ஆலிவர் விங்கும் அவருடைய சகாக்களும் 2018-இல் அமெரிக்காவைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இந்த அளவு வெள்ள ஆபத்துள்ள இடங்களில் 4 கோடியே 10 லட்சம் பேர் வாழ்கிறார்கள் என்று அவர்களுடைய கணக்கு சொன்னது. அரசின் வெள்ள வரைபடங்களை வைத்து எண்ணினால் வந்தது வெறும் 1 கோடியே 30 லட்சம். அரசு வரைபடங்களில் சின்ன ஓடைகள் பலவும் சேர்க்கப்படாமல் இருந்தது இந்த வித்தியாசத்துக்கு ஒரு முக்கியக் காரணம்.

வரைபடத்தில் இல்லை என்பதால் அந்த மக்களின் வீட்டுக்குத் தண்ணீர் வராமல் இருக்கப்போவதில்லை. தெரியாமல் இருந்தார்கள், அவ்வளவுதான்.

சுவரில் படிந்த கறையை அளந்தவர்கள்

இப்போது நம் கதைக்கு மிக அருகில் வருகிற ஓர் ஊரைப் பற்றிச் சொல்கிறேன். இங்கிலாந்தின் வடக்கில் கார்லைல் என்று ஒரு நகரம். ஈடன், பெட்டரில், கால்டியூ என்று மூன்று ஆறுகள் சேரும் ஊர். 2005 ஜனவரி 8-ஆம் தேதி அங்கே பெரிய வெள்ளம் வந்தது. மூன்று பேர் இறந்தார்கள். போலீஸ் நிலையமும் தீயணைப்பு நிலையமும்கூடத் தண்ணீரில் மாட்டின. ஊரில் கரண்ட் போனது.

வெள்ளம் வடிந்த பிறகு ஆய்வுக் குழுவினர் தெருத் தெருவாகப் போனார்கள். எதை அளந்தார்கள் தெரியுமா? சுவர்களில் படிந்திருந்த சேற்றுக் கறையின் உயரத்தை. வேலியில் குப்பையும் வைக்கோலும் ஒதுங்கி நின்ற கோட்டை. இருநூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில், ஜிபிஎஸ் கருவியை வைத்து, தண்ணீர் கடைசியாக எவ்வளவு உயரம் நின்றது என்று குறித்தார்கள். ஜெஃப் நீலும் பால் பேட்ஸும் மற்றவர்களும் அந்த அளவுகளைத் தங்கள் மாடலோடு ஒப்பிட்டு 2009-இல் வெளியிட்டார்கள். ஒரு நகரம் முழுவதற்கும் இப்படித் தண்ணீர் உயரம் அளந்து வைத்திருப்பது அபூர்வம் என்பதால், அந்தத் தரவு பின்னால் வந்த பல ஆய்வுகளுக்கு உரைகல்லாக இருந்தது.

உலகத்தையே கட்டம் போட்டுக் கணக்குப் பார்க்கிறவர்கள், கடைசியில் ஒரு சுவரின் அழுக்குக் கோட்டைத் தேடிப் போகிறார்கள். நல்ல விஞ்ஞானம் அப்படித்தான் நடக்கும்.

2005-க்குப் பிறகு கார்லைலில் பெரிய செலவில் வெள்ளத் தடுப்புக் கரைகள் கட்டினார்கள். 2015 டிசம்பர் 5-ஆம் தேதி டெஸ்மண்ட் புயல் வந்தது. தண்ணீர் அந்தக் கரைகளைத் தாண்டி மறுபடியும் ஊருக்குள் வந்தது. தேதியைப் பாருங்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டி, நாம் தண்ணீரில் நின்றோமே, அதே வாரம்.

நான் அழித்த கோடு

இனி நம் கேட்டுக்கு வருகிறேன். இந்தப் பகுதியைப் பேசுவது எனக்குக் கொஞ்சம் கஷ்டம்.

2015-இல் தண்ணீர் வடிந்த பிறகு, நம் மெயின் கேட் தூணில் ஒரு கோடு இருந்தது. பழுப்பு நிறம், ரூலர் வைத்துப் போட்ட மாதிரி நேராக இருக்கும். பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். 2016 பொங்கலுக்கு முன்னால் வளாகத்துக்கு வெள்ளையடித்தபோது சங்கத்தின் செயலாளராக இருந்தது நான். "இந்தத் தூணை மட்டும் அப்படியே விட்டுவிடலாமா, அம்மா?" என்று பெயின்டர் என்னிடம் கேட்டார். அவருக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை. வீடு பார்க்க வருகிறவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று யோசித்தேன். ரெண்டு கோட் சேர்த்து அடிக்கச் சொன்னேன். முப்பது வருஷம் புவியியல் சொல்லிக் கொடுத்தவள்.

அடுத்த வருஷம், ராம்ப்பின் வாயில் ஒரு மேடு கட்டலாம் என்று முடிவானது. நல்ல முடிவு. எவ்வளவு உயரம் என்று பேச்சு வந்தது. ஒருவர் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது என்றார். இன்னொருவர் இடுப்பளவு என்றார். "அவ்வளவெல்லாம் இல்லை, என் ஸ்கூட்டர் ஓடியது" என்றார் மூன்றாமவர். அரை மணி நேரம் பேசினோம். கார் ஏறி இறங்கவும் வசதியாக இருக்க வேண்டும் என்று ஒன்றரை அடி என்று முடித்தோம். அளந்து வந்த எண் இல்லை அது. சமாதானம் பேசி வந்த எண்.

2023 டிசம்பர் 4 அதிகாலை. தெருவில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. நம் வாட்ச்மேன் டார்ச்சோடு வந்து என் கதவைத் தட்டினார். "டீச்சரம்மா, போன தடவை எதுவரைக்கும் வந்தது? இந்த மேட்டைத் தாண்டுமா? மெயினை இப்பவே ஆஃப் பண்ணிடலாமா?" என்று கேட்டார். அவர் நம்மிடம் சேர்ந்தது 2019-இல். அவருக்குத் தெரிய வழியில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தூணைப் பார்த்து இரண்டு வினாடியில் பதில் சொல்லியிருக்கலாம். தூண் பளபளவென்று வெள்ளையாக இருந்தது. "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்றேன்.

தண்ணீர் மேட்டைத் தாண்டியது. நாலு விரல் அளவுதான் தாண்டியது. பேஸ்மென்ட் நிறைவதற்கு அது போதும். மெயினை அணைப்பதற்குள் பேனல் போய்விட்டது. நாலு நாள் கரண்ட் இல்லை, லிஃப்ட் இல்லை, மோட்டார் இல்லை. சி பிளாக் நான்காவது மாடியில் ஆக்ஸிஜன் கருவியை நம்பி இருந்த பெரியவரை, நாலு பையன்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துப் படியில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அவர் நல்லபடியாக இருக்கிறார். இதோ, முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அந்த நாலு பேரையும் நான் மறக்க மாட்டேன். ஆனால் அவரைத் தூக்க வேண்டிய நிலையே வந்திருக்கக் கூடாது.

போன மாதம் என் மருமகளின் பழைய போனில் 2015 போட்டோ ஒன்று கிடைத்தது. கேட் தூணும், அதில் பதித்த டைல்ஸும், தண்ணீர் மட்டமும் தெளிவாகத் தெரிகின்றன. டைல்ஸை எண்ணி, டேப் வைத்து அளந்தோம். ராம்ப்பின் பழைய விளிம்பிலிருந்து இரண்டேகால் அடி. நாம் கட்டியது ஒன்றரை அடி.

விலை குறையுமா?

தூண்களில் வெள்ளக் கோடு வரைய வேண்டும் என்று நான் வாட்சப் குரூப்பில் எழுதியதும் சிலர் எதிர்த்தார்கள். ஃபிளாட்டின் விலை விழும் என்று கவலைப்பட்டார்கள். அந்தக் கவலையை நான் ஏளனம் செய்ய மாட்டேன். 2016-இல் எனக்கும் அதே கவலைதான் இருந்தது. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கிய வீடு. பெண் கல்யாணத்துக்கு விற்க நினைப்பவர்களும் இங்கே இருக்கிறார்கள்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். பிரிஸ்டலின் வெள்ள ஆய்விலிருந்து கிறிஸ் சாம்ப்சனும் ஆண்ட்ரூ ஸ்மித்தும் 2013-இல் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இன்று அதன் பெயர் ஃபேதம். உலக அளவில் வெள்ள வரைபடம் தயாரிக்கும் நிறுவனம் அது. 2023 டிசம்பரில், காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு கொடுக்கும் ஸ்விஸ் ரீ அதை வாங்கிவிட்டது. காப்பீட்டுத் தொழில் எந்த நிலம் பள்ளம், எந்த நிலம் மேடு என்பதை இப்படித்தான் பார்க்கத் தொடங்கியிருக்கிறது. நாம் தூணில் இருக்கும் கோட்டை மறைத்தால், அவர்களிடமிருந்து அது மறையாது. வீடு வாங்க வருபவரிடமிருந்தும் ரொம்ப நாள் மறையாது. 2023-இல் எந்தெந்தத் தெருவில் தண்ணீர் நின்றது என்ற வீடியோ எல்லார் போனிலும் இருக்கிறது. கோட்டை மறைத்தால் அது நம்மிடமிருந்து மட்டும்தான் மறைகிறது. இரவு இரண்டு மணிக்கு டார்ச்சோடு நிற்கிற வாட்ச்மேனிடமிருந்து மறைகிறது.

"இங்கே 2015-இல் இவ்வளவு வந்தது, அதற்குப் பிறகு பேனலை இவ்வளவு உயரத்துக்கு மாற்றிவிட்டோம்" என்று சொல்ல முடிகிற குடியிருப்பைத்தான் நான் வாங்குவேன்.

நாம் செய்ய வேண்டியவை

மூன்று விஷயம் கேட்கிறேன்.

முதலாவது, அளவு. ஏ பிளாக் லிஃப்ட் முன்னால் இருக்கும் கிரானைட் படியின் மேல் மட்டத்தை நம் பூஜ்யமாக வைத்துக்கொள்வோம். தெருவை வைத்து அளக்கக் கூடாது. 2015-க்குப் பிறகு நம் தெருவில் இரண்டு முறை பழைய ரோட்டுக்கு மேலேயே புது ரோடு போட்டிருக்கிறார்கள். தெரு ஏறிக்கொண்டே போகிறது, படி அசையாது. அந்தப் படியிலிருந்து ராம்ப் விளிம்பு, கேட், சம்ப் மூடி, ஸ்டில்ட் தரை, ஜெனரேட்டர் மேடை எல்லாம் எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று அளக்க வேண்டும். இதற்கு செயற்கைக்கோள் வேண்டாம். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். தண்ணீர் நிரப்பிய ஒரு கண்ணாடிக் குழாய். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். பிரிஸ்டல் வரைபடத்தில் மூன்றரை அடி பிழை என்றேனே, இதில் அரை அங்குலம்கூட வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நாலு பேர் வந்தால் முடிந்துவிடும்.

இரண்டாவது, போட்டோ. உங்கள் பழைய போன்களையும் கம்ப்யூட்டர்களையும் தேடுங்கள். 2015, 2023 இரண்டு வெள்ளத்துக்கும். தண்ணீரோடு ஒரு தூணோ, படியோ, ஜன்னலோ தெரிந்தால் போதும், அதிலிருந்து உயரத்தை எடுத்துவிடலாம். எடுத்த உயரங்களை கேட் தூணிலும் ஒவ்வொரு பிளாக்கின் ஒரு தூணிலும், வருஷத்தைப் போட்டு, நீலப் பெயின்ட்டில் கோடாக வரைவோம். அடுத்த முறை வெள்ளையடிக்கும்போது அந்தக் கோட்டைத் தொடக் கூடாது என்று இன்றைய தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். செயலாளர்கள் மாறுவார்கள். நான் மாறிய மாதிரி.

மூன்றாவது, ஓட்டு. பேனலை மேலே கொண்டுவருவதற்கு ஆம் என்று போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். செலவு கூடுதல்தான். கமிட்டி கொடுத்த மதிப்பீட்டை நானும் பார்த்தேன். பென்ஷனில் வாழ்கிறவளுக்கு அது சின்னத் தொகை இல்லை. ஆனால் அந்த மதிப்பீட்டில் பேனலுக்கு ஸ்டில்ட்டில் இரண்டடி மேடை என்று இருக்கிறது. ஸ்டில்ட் தரையும் ராம்ப்பின் பழைய விளிம்பும் ஒரே மட்டமா என்று இதுவரை யாரும் அளந்து பார்க்கவில்லை. ஒரே மட்டமாக இருந்தால், இரண்டேகால் அடித் தண்ணீருக்கு இரண்டடி மேடை எதற்கு உதவும்? மாற்றுவது என்று இன்றைக்கே முடிவு செய்யுங்கள். எவ்வளவு உயரம் என்பதை அளந்த பிறகு முடிவு செய்யுங்கள். 2015-இல் நின்ற மட்டத்துக்கு மேலே குறைந்தது ஓர் அடியாவது இருக்கட்டும். கார்லைல்காரர்கள் 2015-இல் பார்த்தார்கள், அடுத்த வெள்ளம் போன வெள்ளத்தின் அளவோடு நின்றுவிடும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது.

அதுவரை ஒரு சின்ன விதி வைத்துக்கொள்வோம். தண்ணீர் ராம்ப் மேட்டின் பாதியைத் தொட்டதும் மெயினை அணைத்துவிட வேண்டும். யாரையும் எழுப்பி அனுமதி கேட்க வேண்டாம். வாட்ச்மேனுக்கு அந்த அதிகாரத்தை இன்றே கொடுப்போம். தண்ணீர் உள்ளே வந்த பிறகு பேனல் பக்கம் யாரும் இறங்கவே கூடாது.

பிரிஸ்டலில் இருப்பவர்கள் உலகத்தின் மரங்களையும் வீடுகளையும் வரைபடத்திலிருந்து கழித்து, மண்ணைக் காட்டிவிட்டார்கள். அவர்களால் முடிந்தது அது. நம் கேட் தூணில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்பது நமக்கு மட்டும்தான் தெரியும். அதை எழுதி வைப்பது நம் வேலை.

டியூப் லெவல் பிடிக்க வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். பிள்ளைகளும் வரலாம். பீரியட் முடிந்துவிட்டது.